சரக்குக் கலம் ஏன் கண்ணில் படவில்லை? நீலகிரி, கொடைக்கானல் வான்பார்வையாளர்களுக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

சர்வதேச விண்வெளி நிலையத்தை ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பார்ப்பது பெரிய காரியமில்லை. நேரம் தெரிந்து வெளியே வந்து நின்றால் போதும். அதைத் துரத்திக்கொண்டு வரும் சரக்குக் கலத்தைப் பிடிப்பதில்தான் சிக்கல். பள்ளி வானியல் மன்றம் பிள்ளைகளைக் குளிரில் நிறுத்திவிட்டு ஏமாந்து திரும்பினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் கண்ணும் அல்ல, கருவியும் அல்ல, பழைய கணக்கு. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் கணக்கின் வயதை முதலில் பாருங்கள், லென்ஸைப் பிறகு துடைக்கலாம்.

வேண்டியவை: 10×50 பைனாகுலர், நொடி காட்டும் கடிகாரம் (கைபேசியே போதும்), செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேல் வரும் என்று காட்டும் ஹெவன்ஸ்-அபவ் போன்ற ஒரு ஆப், செலஸ்ட்ராக் தளத்தின் சுற்றுப்பாதைத் தரவு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்.

எந்தக் கலம் என்பதும் முக்கியம். நிலையத்துக்குப் போகும் தனியார் சரக்குக் கலங்களில், நிலையத்தின் எந்திரக் கையால் பிடித்து இணைக்கப்படுவது இப்போது நார்த்ரப் க்ரம்மன் நிறுவனத்தின் சிக்னஸ்தான். ஸ்பேஸ்எக்ஸின் டிராகனும் 2012 முதல் அப்படித்தான் இருந்தது. 2020 டிசம்பரில் புதிய வகை வந்தபின் தானே போய் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானின் எச்டிவி-எக்ஸ் தனியார் கலம் இல்லை, ஆனால் அதையும் கையால்தான் பிடிக்கிறார்கள். சிக்னஸ் ஏவிய பிறகு நிலையம் சேர வழக்கமாக ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். அந்த இடைவெளியில் நம் மலைக்கு மேல் ஒரு அந்தியோ விடியலோ வாய்த்தால், அதுதான் நமக்கான வாய்ப்பு.

அறிகுறி: நிலையம் வந்தது, கலம் வரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். ஆப் காட்டும் நேரத்தைப் பார்ப்பதற்கு முன், அந்த நேரம் எந்தத் தரவிலிருந்து வந்தது என்று பாருங்கள். சுற்றுப்பாதைத் தரவு இரண்டு வரி எண்களாக வெளியாகிறது, டிஎல்இ என்பார்கள். முதல் வரியில் 19ஆம் எழுத்திலிருந்து 32ஆம் எழுத்து வரை இருப்பது அது எந்த நேரத்துத் தரவு என்ற குறிப்பு. 25259.25000000 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 259ஆம் நாளில் கால் பங்கு கழிந்த நேரம். அதாவது செப்டம்பர் 16, உலக நேரம் காலை 6 மணி, நமக்கு 11.30.

நிலையத்தின் தரவு இரண்டு நாள் பழையதாக இருந்தாலும் பெரிதாகப் பிசகாது. சரக்குக் கலம் அப்படி அல்ல. அது நிலையத்தை எட்டிப்பிடிக்க எஞ்சினை எரித்து எரித்துப் பாதையை உயர்த்திக்கொண்டே வருகிறது. ஒவ்வோர் எரிப்பும் அதற்கு முந்தைய தரவைச் செல்லாததாக்கிவிடும். எவ்வளவு பிசகும் என்று கணக்குப் போடலாம். நொடிக்கு 1 மீட்டர் வேகம் கூட்டினால் பாதையின் சராசரி உயரம் ஏறக்குறைய 1.8 கி.மீ. கூடும், ஒரு சுற்றுக்கு 2 நொடிக்குச் சற்று மேல் தாமதமாகும். நாளொன்றுக்கு பதினைந்தரைச் சுற்று. ஆக நொடிக்கு 10 மீட்டர் அளவுள்ள ஒரே ஓர் எரிப்பு, மறுநாள் அந்திக்குள் ஐந்தரை நிமிட வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். பதினைந்து பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சலித்து, டீ குடிக்கப் போன பிறகு கலம் கடந்து போவது இப்படித்தான்.

தாமதமா, முந்தியதா என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும். டிஎல்இ சொன்ன நேரத்துக்குப் பிந்தி வந்தால், தரவு எடுத்த பின் எரிப்பு நடந்து கலம் உயர்ந்திருக்கிறது. பாதை உயர உயர ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடும். மாறாக, யாரோ பயணத் திட்டத்தை வைத்து முன்கூட்டியே கணித்துப் பகிர்ந்த நேரத்துக்கு முந்தி வந்தால், திட்டமிட்ட எரிப்பு நடக்கவில்லை அல்லது பாதியில் நின்றிருக்கிறது. கலம் இன்னும் தாழ்ந்த பாதையிலேயே வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இது கற்பனை அல்ல. 2024 ஆகஸ்டில் ஒரு சிக்னஸ் தன் முதல் எரிப்பைத் தவறவிட்டது. அட்டவணையை மாற்றிப் போட்டுச் சமாளித்தார்கள். 2025 செப்டம்பரில் வந்த பெரிய வகை சிக்னஸில் பிரதான எஞ்சின் சீக்கிரமே அணைந்தது. 17ஆம் தேதி நடக்க வேண்டிய இணைப்பு 18க்குத் தள்ளிப்போனது. இப்படிப்பட்ட நாட்களில் முந்தைய இரவு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு வானத்தைத் திட்டிப் பயனில்லை.

செய்ய வேண்டியது:

1. வெளியே கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் தரவைப் புதுப்பியுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடைக்காது, வீட்டிலேயே செய்துவிடுங்கள்.
2. கடைசி எரிப்பு எப்போது என்ற செய்தியைப் பாருங்கள். தரவு அதற்கு முந்தியது என்றால் சொன்ன நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்புவரை நில்லுங்கள்.
3. பைனாகுலரை வானம் முழுக்க ஓட்டாதீர்கள். நிலையம் போன பாதையின் மிக உயர்ந்த இடத்தில் நிறுத்திவையுங்கள். அங்கே கலம் நொடிக்கு ஒரு டிகிரி வேகத்தில் போகும்; 10×50 காட்டும் ஆறரை டிகிரி வட்டத்தை ஆறேழு நொடியில் கடந்துவிடும்.
4. பாதையும் விலகும் என்பதை மறக்காதீர்கள். கலம் பின்தங்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பூமி கால் டிகிரி சுழன்றுவிடுவதால், அதன் தடம் நம் அட்சரேகையில் ஏறக்குறைய 27 கி.மீ. மேற்கே நகரும். தலைக்கு மேல் இது 3 டிகிரி. ஐந்து நிமிடம் பின்தங்கினால் 15 டிகிரி, அதாவது கையை நீட்டி மடக்கிய முஷ்டியில் ஒன்றரை அளவு மேற்கே தள்ளிப் பாருங்கள்.

ஏவிய முதல் சில மணி நேரம் இன்னொரு குழப்பமும் உண்டு. கலம், ராக்கெட்டின் மேலடுக்கு, சின்னச் சின்னத் துண்டுகள் எல்லாம் பட்டியலில் பெயர் தெளியாமல் கிடக்கும். அப்போது எந்தக் கணிப்பையும் முழுசாக நம்ப வேண்டாம்.

அறிகுறி: நிலையமே வரவில்லை

பத்தில் ஒன்பது முறை நேரக் கணக்குதான். உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டும்போது தேதியும் மாறும். உலக நேரம் 14ஆம் தேதி இரவு 11.50 என்றால் நமக்கு 15ஆம் தேதி காலை 5.20. நேரத்தை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறப்பவர்கள் அதிகம்.

அடுத்தது லொகேஷன். ஆப் சென்னையிலேயே நின்றுகொண்டிருக்கும். ஊட்டிக்கும் சென்னைக்கும் வான்வழியில் ஏறக்குறைய 430 கி.மீ.; அது நிலையம் பறக்கும் உயரத்துக்குச் சமம். அங்கே உச்சந்தலைக்கு மேல் போவது இங்கே அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தில் சரிந்து போகலாம். கோயம்புத்தூர் என்று இருந்தால் பரவாயில்லை, நேரத்தில் சில நொடிகள்தான் மாறும்.

இரண்டும் சரி என்றால் மலையைப் பாருங்கள். ஆப் '10 டிகிரியில் உதயம்' என்று சொல்வது சமவெளிக் கணக்கு. ஊட்டி டவுனில் நின்றால் கிழக்கு வானின் அடிப்பகுதியைத் தொட்டபெட்டா மறைக்கும். கொடைக்கானல் ஏரிக்கரை ஒரு கிண்ணத்தின் அடி. நாலு பக்கமும் மரமும் மேடும். குன்னூர், கோத்தகிரியில் தேயிலைச் சரிவின் மேல்விளிம்பு நல்லது, ஆனால் தென்கிழக்கில் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் விளக்கு வெளிச்சம் அடிவானத்தைக் கழுவிவிடும். நிலையத்துக்கு அது தடையில்லை. மங்கலான சரக்குக் கலத்துக்குத் தடை. 30 டிகிரிக்குக் கீழே போகும் கடவைகளை (நம் வானை ஒருமுறை கடந்து போவதுதான் கடவை) இந்த மலைகளில் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் கிடைக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஊட்டி, கூடலூர் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலும் மூடிக்கொள்ளும். கொடைக்கானலில் மாலை மூடுபனியை விட விடியற்காலை பெரும்பாலும் நம்பத்தக்கது. நேரம் இருந்தால் விடியல் கடவையையே தேர்ந்தெடுங்கள். ஆனால் இருட்டில் தேயிலைத் தோட்டத்துக்குள் வானத்தைப் பார்த்தபடி நடக்காதீர்கள். காட்டுமாடு அங்கேதான் படுத்திருக்கும்.

அறிகுறி: ஏதோ போனது, ஆனால் அதுதானா என்று தெரியவில்லை

திசையை வைத்தே பாதியைக் கழித்துவிடலாம். நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்ந்தது. அதனால் நம் மலையிலிருந்து பார்த்தால் அது தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கோதான் போகும். சரக்குக் கலமும் அதே தளத்தில்தான். நேர் வடக்கு–தெற்காகப் போனது துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள். ஒளிர்ந்து அணைந்து ஒளிர்ந்து போனது உருளும் ராக்கெட் பாகம். பயணத்தில் இருக்கும் கலம் நிலை பிடித்துப் பறப்பதால் சீரான வெளிச்சமே தரும். மணி கோத்தது போல வரிசையாகப் போனது ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் கூட்டம். அதன் சாய்வும் 53 டிகிரி சுமார் என்பதால் திசை ஏமாற்றும். நிலையம் போலவே பளிச்சென்று, ஆனால் இன்னும் கிழக்கு நோக்கிச் சாய்ந்து போனால் சீனாவின் தியாங்கோங் விண்வெளி நிலையம். அதன் சாய்வு 41.5 டிகிரி.

மங்கிய புள்ளி நிலையத்துக்குச் சில நிமிடம் முன்னால் ஓடுகிறது என்றால், அது வரும் கலமாக இருக்க வாய்ப்பு குறைவு. துரத்தி வருவது பின்னால் இருக்கும். விடைபெற்றுக் கிளம்பிய கலம்தான் தாழ்ந்த பாதைக்கு இறங்கி, வேகம் கூடி, முன்னால் போய்விடும்.

அறிகுறி: நடுவானில் அணைந்துவிட்டது

பழுதில்லை. பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. 420 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேல் இருக்கும் பொருளுக்கு, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 டிகிரி இறங்கும்வரை வெயில் படும். நம் அட்சரேகையில் இது அஸ்தமனத்துக்குப் பின் ஏறக்குறைய எண்பது நிமிடம். அணையும் முன் செம்மஞ்சளாக மாறுவதை நிலையத்தில் நன்றாகக் காணலாம். விடியலில் இதுவே தலைகீழ்: ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று தோன்றும்.

அறிகுறி: பைனாகுலரில் புகைபோல் தெரிகிறது, படத்தில் நிலையத்தின் கோடு மட்டும் விழுகிறது

முதலாவது பனி. வெளியே வந்த பத்து நிமிடத்தில் முன்லென்ஸில் பனித்துளி படியும். கம்பளித் துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும். உறைபனி மாதங்களில் ஊட்டியில் கைவெதுப்பிப் பொட்டலம் ஒன்றை லென்ஸ் குழலைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டினால் போதும். கண்ணாடியை வெளிக்காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக வைத்தால் பனி படியாது. உபரி பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். குளிரில் அது சீக்கிரம் இறங்கும்.

இரண்டாவது, எக்ஸ்போஷர் பற்றிய தப்பெண்ணம். கோடு விழவில்லை என்றதும் ஷட்டரை 15 நொடியிலிருந்து 30 நொடிக்கு நீட்டுகிறார்கள். பயனில்லை. நகரும் புள்ளி ஒவ்வொரு பிக்சலிலும் தங்குவது நொடியில் சிறு பங்குதான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்தப் பிக்சலுக்குக் கிடைக்கும் ஒளி மாறாது. கோடு நீளுமே தவிர பிரகாசமாகாது, வானப் பின்னணிதான் வெளுக்கும். துளையைத் திறங்கள் (எஃப் 2.8 அல்லது அதற்கும் கீழ்), ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள், ஷட்டரை 10 நொடிக்குக் குறையுங்கள்.

அறிகுறி: இரண்டு புள்ளி ஒன்றாகிவிட்டது; இணைந்துவிட்டதா?

இல்லை. உச்சியில் 420 கி.மீ. தொலைவில் 1 கி.மீ. இடைவெளி 8 கலை அளவு (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) தெரியும், கண்ணால் பிரித்துவிடலாம். 250 மீட்டர் என்றால் 2 கலை. நிலையத்தின் பிரகாசத்தில் கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும், பைனாகுலரில் ஒருவேளை பிரியும். 30 மீட்டரில் 15 விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). அதற்குத் தொலைநோக்கியும் அதை விரட்டிப்பிடிக்கும் ஆளும் வேண்டும். ஒன்றாகத் தெரிந்த பின்னும் மணிக்கணக்கில் வேலை பாக்கி இருக்கும். அதை நேரலையில்தான் பார்க்க முடியும்.

அறிகுறி: நேரலையில் கலம் அசையாமல் நிற்கிறது

திரை உறைந்ததாக நினைத்துப் பக்கத்தைப் புதுப்பிப்பார்கள். பெரும்பாலும் கலம் வேண்டுமென்றே நிற்கிறது. நிலையத்துக்கு நேர் கீழிருந்து பூமியின் ஆரத்தோடு மேலே ஏறிவரும் வழியில் நிறுத்தங்கள் உண்டு: சிக்னஸுக்கு 250 மீட்டரில் ஒன்று, 30 மீட்டரில் ஒன்று, கடைசியாக எந்திரக் கைக்கு எட்டும் 10 மீட்டர் சுமாரில் ஒன்று. நிலையத்தைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்துக்கு ஒரு விலக்குக் கோளம் வரைந்திருக்கிறார்கள். அனுமதியில்லாமல் அதற்குள் வரக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தொலைவு அளக்கும் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, உந்திகள் (கலத்தை நகர்த்தும் சிறு எஞ்சின்கள்) சரியா, தரைக்கும் கலத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த பிறகே அடுத்த அடி. கீழிருந்து வருவதில் ஒரு லாபம்: உந்தி நின்றுபோனால் கலம் தானாகவே நிலையத்தை விட்டு விலகிவிடும்.

நிற்பதற்கும் பின்வாங்குவதற்கும் உண்மையான பழுதுகளும் காரணமாகியிருக்கின்றன. 2012 மே மாதம் முதல் டிராகன் நெருங்கியபோது, அதன் லேசர் தொலைவுமானிக்கு நிலையத்தில் உள்ள ஜப்பானின் கிபோ கூடத்திலிருந்து வேண்டாத எதிரொளி வந்தது. கருவியின் பார்வைப் புலத்தைக் குறுக்கிச் சரிசெய்தார்கள். 2013 மார்ச்சில் இன்னொரு டிராகனில் நான்கு உந்தித் தொகுதிகளில் மூன்று அழுத்தம் ஏறாமல் நின்றன; தடைபட்ட வால்வுகளை அழுத்தத்தை ஏற்றி இறக்கி விடுவித்து, ஒருநாள் பிந்தி சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் முதல் சிக்னஸின் ஜிபிஎஸ் தரவும் நிலையத்தின் ஜிபிஎஸ் தரவும் ஒரே வடிவில் இல்லை. மென்பொருளைத் திருத்தவும், இடையில் ஆட்களோடு வந்த ரஷ்யாவின் சோயுஸ் கலத்துக்கு வழிவிடவும் சேர்த்து, 22ஆம் தேதி நடக்க வேண்டியது 29ஆம் தேதி நடந்தது. 2017 பிப்ரவரியில் டிராகன் ஒன்று 1,200 மீட்டர் சுமாரில் தானே திரும்பிவிட்டது. வழிகாட்டும் தரவில் ஓர் எண் தவறு. மறுநாள் வந்து சேர்ந்தது.

இவற்றில் நமக்கு வேண்டிய பாடம் கால அளவு. நிறுத்தம் நீண்டால் காத்திருக்கலாம். 'பின்வாங்கு' என்ற சொல் கேட்டால் அன்றைக்கு அநேகமாக இல்லை. அடுத்த வாய்ப்பு குறைந்தது ஒருநாள் கழித்து. அப்படியானால் மறுநாள் அந்தியில் இரண்டு புள்ளிகளைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. உடனே புதிய தரவை எடுங்கள்.

இன்னொன்று. 2022 நவம்பரில் வந்த சிக்னஸின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவே இல்லை. இருந்தும் குறித்த நாளில் இணைத்தார்கள். கலத்தில் ஏதோ பழுது என்ற செய்தி வந்ததுமே நிகழ்ச்சியை ரத்து செய்ய வேண்டாம்.

அறிகுறி: 'பிடித்தாயிற்று' என்றார்கள், பல மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை

பிடிப்பது வேறு, இணைப்பது வேறு. நிலையத்தின் எந்திரக் கையான 17.6 மீட்டர் நீளமுள்ள கனடார்ம்2, கலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிகம்பியைச் சுருக்குக் கம்பிகளால் இறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் கலத்தின் உந்திகளை அணைத்துவிடுவார்கள். கை பிடித்திருக்கும்போது உந்தி சுட்டால் மூட்டுகள் தாங்காது. அதன்பின் கையைத் தரையிலிருந்தே மெதுவாக நகர்த்தி, கலத்தின் வளையத்தை நிலையத்தின் யூனிட்டி கூடத்தின் கீழ்வாயிலுக்கு நேர் கொண்டுவருவார்கள். வாயிலின் வளையத்தை மூடியிருக்கும் இதழ்கள் அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். முத்திரையில் ஒரு தூசி இருந்தாலும் காற்று கசியும் என்பதால் வளையத்தைக் கேமராவில் பார்ப்பார்கள்.

'தாழிடத் தயார்' என்ற குறிகாட்டிகள் தொட்டதும் நான்கு கொக்கிகள் இழுத்து அணைக்கும், பிறகு 16 மோட்டார் போல்ட்டுகள் படிப்படியாக இறுக்கும். இதுவரை ஆனதும்தான் இணைப்பு முடிந்தது என்று அறிவிப்பார்கள். பிடித்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். அப்புறமும் இடைவெளியில் காற்று நிரப்பி, கசிவு பார்த்து, போல்ட்டுகளை இயக்கிய நான்கு கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் கழற்றி, மின்கேபிள்களைக் கோத்த பிறகே கதவு. பல சமயம் அது மறுநாள்தான். பள்ளியில் நேரலை போட்டுக் காட்டுவதானால் பிடிக்கும் அரை மணி நேரத்தை மட்டும் காட்டுங்கள். கதவுக்காக ஐந்தாம் வகுப்பை உட்கார வைத்தால் தாங்காது.

அறிகுறி: வானொலியில் கலத்தின் குரல் வரவில்லை

வராது. சரக்குக் கலம் அமெச்சூர் அலைவரிசையில் பேசுவதில்லை. நிலையம் பேசும்: 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். கடவையின் தொடக்கத்தில் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலேயும் முடிவில் அதே அளவு கீழேயும் விலகும். விண்நடையின்போதும் ரஷ்யக் கலங்கள் இணையும்போதும் அந்தக் கருவியை அணைத்துவைப்பது வழக்கம் என்பதால் மௌனத்தைப் பழுதாக எண்ண வேண்டாம். இவற்றைச் சோதிக்க ஊட்டிக்கு அருகே உள்ள முத்தோரை ரேடியோ தொலைநோக்கிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். 326.5 மெகாஹெர்ட்ஸில் மிக மெல்லிய சைகைகளைக் கேட்கும் இடம் அது. கையில் வாக்கிடாக்கி இருந்தால் அணைத்துவிட்டுக் கடந்து போங்கள்.